ஓட்ட ஓட்டச் செட்டாயிரும்

புதுக் கிளட்ச் பிளேட்டை மாட்டி, மூடியை முறுக்கி, கையில் இருந்த கிரீஸைத் தன் கைலியிலேயே துடைத்துக்கொண்டு, "இப்ப ஒரு பிடி பிடிச்சுப் பாரு, பாப்பா" என்று சடாச்சரம் மெக்கானிக் சொன்னதும் ஆவுடைச்செல்வி இடது கையால் லிவரை அமுக்கினாள். அமுக்கியதும் செம்மலாங்கரடு என்கிற அந்த ஊர் மொத்தமும் தரையைவிட்டு ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சோடு எழும்பினார்கள், ஆடுகள் அசைபோட்டபடியே எழும்பின, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்த நாய் மிச்ச மூன்று கால்களும் மேலே போனதைச் சட்டை செய்யாமல் ஆரம்பித்த வேலையை முடித்தது. கால் உள்ளதெல்லாம் எழும்பியது, சக்கரம் உள்ளதெல்லாம் எழும்பியது, வேப்பமரமும் வீட்டுச் சுவரும் வேரோடு அஸ்திவாரத்தோடு நின்ற இடத்தில் நின்றன. ஆவுடை உட்கார்ந்திருந்த மோட்டார் சைக்கிளும் அவளும் மட்டும் எழும்பவில்லை.

அவள் கையை எடுத்தாள். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைப்பதுபோல ஊர் மெதுவாகக் கீழே வந்து உட்கார்ந்தது. யார் டீயும் சிந்தவில்லை.

"அண்ணாச்சி, என்னவோ எழும்புச்சே?" என்றாள் ஆவுடை.

சடாச்சரம் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அவர் தொழிலுக்கு வந்த நாள் முதல் எந்த வண்டி எந்தச் சத்தம் போட்டாலும், எந்தப் பக்கம் இழுத்தாலும், எதைக் கக்கினாலும், அவரிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலை இப்போதும் சொன்னார்.

"புதுசு அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டச் செட்டாயிரும்."

ஆவுடை சங்கரன்கோவில்காரி, கல்லூரிக் கபடி அணியில் ஏழாவது ஆள். மிச்ச ஆறு பேரும் ஜெசிந்தா டீச்சரும் முதல் நாளே வேனில் தேனிக்குப் போய்விட்டார்கள்; இவளுக்கு மட்டும் செய்முறைத் தேர்வு இருந்ததால் முடித்துவிட்டுத் தனியாக வருவதாக ஏற்பாடு. இறுதிப் போட்டி மறுநாள் சாயங்காலம். மாற்று ஆள் கிடையாது, ஏழு பேர் வரிசையில் நிற்காவிட்டால் கோட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். அதனால் அண்ணன் பரமகுருவின் மோட்டார் சைக்கிளை, கேட்டால் தரமாட்டான் என்று நன்றாகத் தெரிந்த காரணத்தால் கேட்காமலே எடுத்துக்கொண்டு, அவன் ராத்திரி வேலை முடிந்து வந்து குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். செம்மலாங்கரட்டு ஏற்றத்தில் முன்னால் போன கரும்பு லாரிக்குப் பின்னால் முழு ஏற்றத்தையும் பாதிக் கிளட்சிலேயே ஏறினாள், உச்சியில் கருகின வாடை வந்தது, வண்டி உறுமியதே தவிர நகரவில்லை, சடாச்சரத்தின் கடைவரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

இப்போது முதல் கியரைப் போட்டாள். வண்டி தவளைபோல ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. இன்னொரு முறை போட்டாள், இன்னொரு துள்ளு. கிளட்சைப் பிடித்தால் இன்ஜினும் சக்கரமும் கைவிட்டுப் பிரிய வேண்டும் என்பது உலகத்து வழக்கம். இந்த வண்டியில் அவை இரண்டும் புதுமாப்பிள்ளை புதுப்பெண் மாதிரி கட்டிக்கொண்டே கிடந்தன, பிரிந்தது ஊரும் தரையும்தான்.

"வண்டி போவ மாட்டேங்கு, அண்ணாச்சி. பிரிச்சுப் பாருங்க."

"பிரிக்கலாம் தாயி, நாளைக்குக் காலையில பிரிக்கலாம்" என்று சடாச்சரம் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார், ஏனென்றால் தெரு அதற்குள் நிறைந்துவிட்டது.

செம்மலாங்கரட்டுக்காரர்கள் ஒரு சாண் விஷயத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் பழகிக்கொண்டார்கள். முதலில் வந்தவர் முழங்கால் வலிக்காரர். "அந்தக் கம்பியை இன்னொரு தரம் அமுக்கு, ஆத்தா, என் மூட்டு ரெண்டும் என்னைத் திட்டாம இருந்து ஏழெட்டு வருசமாச்சு" என்றார். அவள் அமுக்கினாள். அவர் சுவரை ஒரு விரலால் தள்ளி, பாசிக்குளத்தில் தெப்பம்போல வழுக்கிக்கொண்டு எதிர்ச் சுவர்வரை போய்த் திரும்பி வந்து, மறுபடியும் போனார். பெண்கள் பரணுக்குக் கை எட்டும் என்று கண்டுபிடித்தார்கள், கல்யாணம் முடிந்த நாளிலிருந்து காணாமல்போயிருந்த இட்லிக் கொப்பரைகளும் சீர் அண்டாக்களும் வெளியே வந்தன. நெருஞ்சி முள்ளுக்கு வேலை போனது. ஒரு மருமகள் தன் மாமியாரை முதுகில் பதமாக ஒரு தள்ளுத் தள்ளி மூன்று வீடு தள்ளி அனுப்பிவைத்தாள், மாமியாரும் போகிற வழியெல்லாம் எல்லோரையும் நலம் விசாரித்துக்கொண்டே போனார். அணைக்காமல் ஓடவிட்டிருந்த வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிடக் கூடாதென்று ஊரே தன் தன் வண்டியிலிருந்து உறிஞ்சி பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றியது. ஆவுடைக்குக் கை வலிக்கக் கூடாதென்று இளவட்டங்கள் முறைவைத்து லிவரைப் பிடித்தார்கள். அவள் வாயில் பணியாரம், மடியில் முறுக்கு, தலையில் யாரோ வைத்த கனகாம்பரம்.

சாயங்காலத்துக்குள் விதிமுறைகளும் வந்துவிட்டன. மைக் செட் மலைராசு ஊரின் ஒலிபெருக்கிக்கும் ஒயிலாட்டக் குழுவுக்கும் ஒருசேரச் சொந்தக்காரன், வேப்பமரத்துக் குழாயிலிருந்து அவன் குரல் மூக்கால் வழிந்தது: "அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே, ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்... கிளட்ச் சம்பந்தமான ஓர் அறிவிப்பு. மாடு கறக்குற நேரத்துல யாரும் கிளட்ச் பிடிக்க வேணாம், மாடு மேல போகுது, சொம்பு கீழ நிக்கிது. தொட்டில் கட்டுனவங்க கயித்தை ஒரு சாண் ஏத்திக் கட்டிக்கவும். தையல்கடைக்காரர் மிசினும் அவரும் சேர்ந்து மேல போயிட்டதால மிதிக்க முடியலைன்னு சொல்றது ஏத்துக்கப்படாது. எல்லாம் ஓட்ட ஓட்டச் செட்டாயிரும் என மெக்கானிக் சடாச்சரம் அவர்கள் அன்போடு தெரிவித்துக்கொள்கிறார். ஹலோ."

ஆவுடை பஸ்ஸில் போய்விடலாம் என்று நினைத்தாள். பஸ்ஸும் வந்தது. வந்து நின்று, ஆள் ஏற்றி, கிளம்புகிற சமயத்தில் எவனோ லிவரை அமுக்க, சக்கரங்கள் அத்தனையும் ஆகாசத்தில் சுற்றின, வண்டி இருந்த இடத்தில் இருந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார், சலித்துக்கொண்டார். "சக்கரம் சுத்துது, கிலோமீட்டர் ஏறுது, ஊர் நகரலை. டிப்போவுல நான் என்னத்தைச் சொல்றது? இந்த வேலையை நிப்பாட்டுனாத்தான் இனிமே இந்தப் பக்கம் பஸ்ஸு வரும்" என்று, லிவர் விடப்பட்ட சமயம் பார்த்து, ஏற்றியவர்களை எல்லாம் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

செல்போனில் ஜெசிந்தா டீச்சரின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது, விசில் ஊதி ஊதித் தேய்ந்த குரல்: "ஆவுடை, எங்க இருக்க? எங்க இருக்கன்னு கேக்கேன். சாப்பிட்டியா? சாப்பிடாத. வெயிட் கூடிரும். நாளைக்கு நீ வரலைன்னா ஆறு பிள்ளைகளையும் கூட்டிட்டு நான் கடல்ல போய் விழுந்துருவேன். தேனியில கடல் இல்லை, அதனால திரும்ப தூத்துக்குடி வரைக்கும் வந்து விழுவேன். கிளம்பு!"

ஆவுடை வாயிலிருந்த பணியாரத்தை மெதுவாக மென்று முழுங்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் கோயில் கொடைக்கான ஒயிலாட்டப் பயிற்சி. மலைராசுவும் அவன் ஆட்களும் காலில் சலங்கை கட்டி, கையில் கைக்குட்டை பிடித்து வரிசையில் நின்றார்கள். தவில் முழங்கியது, கைக்குட்டைகள் பறந்தன, கால்கள் மிதித்தன, மிதித்தது காற்றை. தரையில்லாத கால் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் பஞ்சில் இறங்கியதுபோலத்தான் இருந்தது, அத்தனை சலங்கையும் வாய்க்குள் கொழுக்கட்டை வைத்த பிள்ளைகள்போல மூச்சுக் காட்டாமல் இருந்தன. "கையை எடுங்கடா டேய்!" என்று மலைராசு கத்தினான். "இன்னும் பரண் முடியலை!" என்று பெண்கள் பக்கமிருந்து பதில் வந்தது. அவன் சலங்கையை அவிழ்க்காமலே, சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

ஆனால் மலைராசுவின் கஷ்டமெல்லாம் மறுநாள் விடிந்ததும் ஒச்சம்மாளுக்கு நேர்ந்ததற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஒச்சம்மாள் அந்த ஊரின் சண்டைக்காரி. திட்டுகிற வார்த்தைகளால் அல்ல, மிதிக்கிற காலால் அவளுக்கு அந்தப் பெயர். "அடியேய்!" என்று ஆரம்பித்து வலது காலைத் தூக்கித் தரையில் ஒரு மிதி மிதித்தாளென்றால் பக்கத்து வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும், எதிராளியின் பாதி வார்த்தைகள் அங்கேயே உதிர்ந்துபோகும். தினமும் காலையில் சாக்கடைத் தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டுக் குருவம்மாளோடு ஒரு சண்டை உண்டு, அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தத் தெரு பல் துலக்கும்.

அன்றைக்கும், "அடியேய் குருவம்மா!" என்று ஆரம்பித்தாள், காலைத் தூக்கினாள், மிதித்தாள். யாரோ லிவரைப் பிடித்திருந்தார்கள். கால் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, எதிலும் போய் முட்டவில்லை. ஒச்சம்மாள்தான் ஒரு சுற்றுச் சுற்றி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குருவம்மாள் சிரித்துவிட்டாள். தெருவும் சிரித்தது. ஒச்சம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தவழ்ந்து சடாச்சரத்தின் கடைக்கு வந்து, லிவரைப் பிடித்திருந்த இளவட்டத்தின் காதைப் பிடித்து இழுத்தாள். ஊர் இறங்கியது.

அங்கே ஆவுடை போனைக் காதில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் பரமகுரு.

"யண்ணே, என் சிநேகிதி ஒருத்தி வண்டிக்குப் புதுசா கிளட்ச் போட்டாளாம், பிடிச்சா பிரிய மாட்டேங்காம். என்ன பண்ணணும்?"

"லிவரு எப்படி இருக்கு? கொழகொழன்னு ஆடுதா, டைட்டா இருக்கா?"

"ஆடுது."

"கேபிளை இழுத்து வச்சாளா உன் சிநேகிதி?"

"வச்சா. அப்பவும் அப்படித்தான்."

"ஆயில் என்ன ஊத்துனாங்க?"

"சரியான ஆயில்தான், நான் பாத்தேன்... அவ பாத்தா."

"அப்போ உள்ள பிரஷர் பிளேட்டைத் தள்ளுத கம்பி இருக்கும், அதோட முனையில ஒரு பால்ரஸ் குண்டு இருக்கும். திரும்ப மாட்டும்போது நிறையப் பேரு அதைத் தவற விட்டுருவாங்க. மூடியைக் கழத்திப் பாக்கச் சொல்லு." அவன் குரல் தாழ்ந்தது. "ஏட்டி, உன் சிநேகிதி வண்டி டேங்க்ல 'அன்னை பாகீரதி துணை'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமா?"

அம்மாவின் பெயர் பாகீரதி. ஆவுடை போனை அணைத்தாள்.

"அண்ணாச்சி, மூடியைக் கழத்துங்க."

"ஓட்ட ஓட்ட..." என்று சடாச்சரம் தொடங்கினார். ஒச்சம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் ஸ்பேனரை எடுத்தார்.

மூடி வந்தது, ஸ்பிரிங்குகள் வந்தன, தள்ளுகம்பி வந்தது. அதன் முனையில், இரும்புக் குண்டு இருக்க வேண்டிய இடத்தில், எண்ணெயில் குளித்து மினுமினுவென்று ஒரு செம்மண் கல் இருந்தது. செம்மலாங்கரட்டுக் குன்றில் மட்டும் கிடைக்கிற கல்; அச்சில் வார்த்ததுபோல உருண்டையாக இருக்கும். சோளக்கொல்லையில் கிளி விரட்ட அந்த ஊர்க்காரர்கள் உண்டிவில் கவட்டையில் வைத்து அடிப்பது அதைத்தான், ஆண்பெண் வித்தியாசமில்லாமல் எல்லார் மடியிலும் நாலு கல் இருக்கும், சடாச்சரத்தின் கடையில் நட்டும் குண்டும் போடுகிற தட்டிலேயே ஒரு கை கிடக்கும்.

சடாச்சரம் கல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஒரே சைஸு" என்றார் பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில்.

"அப்போ ஒரிஜினல் குண்டு?"

"கிளி மேல போயிருக்கும் தாயி. நேத்து ரெண்டு கிளி வந்துச்சு."

"வேற குண்டு இல்லியா?"

"இந்த ஊர்ல இரும்புக் குண்டு ஒரு நாள் தங்காது. கல்லைவிட நேராப் போகும்ல?"

கடையைச் சுற்றிக் கூடியிருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கல்லையே திரும்ப வையி, சடாச்சரம். நல்லாத்தானே இருக்கு!" என்றார் முழங்கால்காரர். "கொடை முடியட்டும்", "வெள்ளையடிச்சு முடியட்டும்", "எம்மகளுக்குப் பேறுகாலம் முடியட்டும்" என்று ஆளுக்கொரு தவணை சொன்னார்கள். "எனக்கு இன்னைக்குச் சாயங்காலம் மேட்ச்சு" என்று ஆவுடை சொன்னது அந்த இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது, கனகாம்பரத்தைத் தலையிலிருந்து எடுத்து சீட்டின் மேல் வைத்தாள்.

அதை ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துங்கடா!" என்றாள். கால் இப்போது தரையில் இருந்தது, ஆனாலும் மிதிக்கவில்லை, சேர்த்து வைத்துக்கொண்டாள். "பஸ்ஸு வரலை. கறந்த பாலு பாதி மண்ணுல. ஆட்டத்துல சத்தம் இல்லை, சண்டையில சாரம் இல்லை. இது ஒரு ஊரா, துணி காயப்போட்ட கொடியா? இந்தப் புள்ள கபடி ஆடப் போகுது. கபடி எங்கடா ஆடுவாங்க, ஆகாசத்துலயா?"

கூட்டம் குருவம்மாளைப் பார்த்தது. ஒச்சம்மாள் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்ல ஊரில் ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். குருவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"காலையில நான் சிரிச்சேன், சரி. சிரிச்சுட்டு வீட்டுக்குள்ள போனேன், டம்ளரெல்லாம் சும்மா இருந்துச்சு. எனக்குக் காப்பியே இறங்கலை. அந்தக் கல்லைக் கழத்திப் போடு, சடாச்சரம்."

அதற்கு மேல் யாரும் தவணை கேட்கவில்லை. ஒச்சம்மாள் கூட்டத்தைத் துழாவி, "ஏ மலைராசு, காலைக் காட்டு" என்றாள். ராத்திரி முழுக்கச் சலங்கையோடே தூங்கியிருந்த மலைராசு காலை நீட்டினான். அவள் அதில் ஒரு மணியைத் திருகிப் பிய்த்துக் கொடுத்தாள். சடாச்சரம் குறட்டால் அதன் வாயைப் பிளந்து உள்ளேயிருந்த இரும்புக் குண்டை உள்ளங்கையில் விழவைத்து, கல்லோடு வைத்து ஒப்பிட்டு, இந்த முறை கண்ணாடியும் போட்டுப் பார்த்து, கம்பியின் முனையில் வைத்தார். ஸ்பிரிங் போனது, மூடி போனது, லிவரில் ஒரு காசுக் கனத்துக்கு ஆட்டம் விட்டுக் கேபிளை முறுக்கினார்.

"பிடி, பாப்பா."

ஆவுடை பிடித்தாள். ஊர் மொத்தமும் குனிந்து தன் தன் காலைப் பார்த்தது. ஒரு கட்டெறும்புகூட எழும்பவில்லை. கியர் வெண்ணெயில் கத்திபோல இறங்கியது, வண்டியின் வயிற்றுக்குள்ளிருந்து 'ஜல்' என்று ஒரு சத்தம் வந்தது.

"அது என்ன சத்தம், அண்ணாச்சி?"

சடாச்சரம் வாயைத் திறப்பதற்குள் ஊரே சொல்லிவிட்டது.

அவள் கிளம்புகிற நேரத்தில் ஒச்சம்மாள் கையை நீட்டினாள். "எங்க ஊரை எங்ககிட்டக் குடுத்துட்டுப் போ, ஆத்தா." ஆவுடை சடாச்சரத்தின் கையிலிருந்த கல்லை வாங்கிக் கொடுத்தாள். ஒச்சம்மாள் அதைத் தெரு நடுவில் போட்டு, சேர்த்து வைத்ததில் கொஞ்சத்தை மட்டும் எடுத்து ஒரு மிதி மிதித்தாள். ஓடுகள் கலகலத்தன, டம்ளர்கள் பேசின, இறக்கத்தில் பாதித் தூரம் போய்விட்ட ஆவுடையின் கைப்பிடியில் ஒரு அதிர்வு வந்து போனது. அவள் சிரித்துக்கொண்டே மூன்றாவது கியரைப் போட்டாள். ஜல்.

தேனி மைதானத்தில் ஆறு பேர் வரிசையில் நின்று ஜெசிந்தா டீச்சர் கடலைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்த நேரத்தில் வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது. ஏழாவது ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கோட்டுக்குள் ஓடினாள். ஆட்டம் முன்னேயும் பின்னேயும் போய்க்கொண்டிருந்தது, எதிரணிப் பெண்கள் பனைமரத்துக் கைக்காரிகள், நேரம் முடிய ஒரு முறை பாடி வருகிற பொழுதுதான் இருந்தது, இரண்டு பக்கமும் ஒரே புள்ளி, பாடிப் போக வேண்டியவள் ஆவுடை.

போனாள். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே போய் ஒருத்தியின் தோளைத் தொட்டுத் திரும்புகையில் கணுக்காலில் ஒரு கை விழுந்தது, இடுப்பில் இரண்டு, முதுகில் ஒரு முழு ஆள். விழுந்தாள். பாட்டை விடவில்லை. கையை நீட்டினாள், நடுக்கோட்டுக்கும் அவள் விரல் நுனிக்கும் நடுவில் சரியாக ஒரு சாண் இடம் இருந்தது.

அந்த நேரத்தில்தான், மறுபடியும் ஓடத் தொடங்கிய பஸ்ஸில் நின்றும் தொங்கியும் வந்து சேர்ந்து, பார்வையாளர் பக்கத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்த செம்மலாங்கரட்டுக்காரர்களில் முதல் ஆளாக ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். பக்கத்தில் குருவம்மாள் எழுந்தாள். மலைராசு எழுந்தான், சடாச்சரம் எழுந்தார், முழங்கால்காரரும் இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்தார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தரையைத் தொடாமல் சேர்த்து வைத்த மிதி அத்தனை பேர் காலிலும் செலவாகாமல் இருந்தது.

"அடியேய்!" என்றாள் ஒச்சம்மாள்.

மிதித்தார்கள். மைதானம் ஜமுக்காளத்தை உதறியதுபோல ஒரு முறை எழும்பி அடங்கியது. தூசி அடங்கியபோது பிடித்த கைகள் பிடித்தபடியே இருந்தன, விழுந்தவர்கள் விழுந்தபடியே இருந்தார்கள், நடுக்கோடு மட்டும் ஒரு சாண் நகர்ந்து வந்து ஆவுடையின் விரலுக்குக் கீழே படுத்திருந்தது.

விசில் ஊதியது. ஜெசிந்தா டீச்சர் ஆறு பேரையும் ஒரே கையால் கட்டிப்பிடித்தார்.

எதிரணிப் பயிற்சியாளர் தொப்பியைத் தரையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், கோடு நகர்ந்துச்சு சார்! என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் சார்!"

நடுவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். புதிதாக மண் அடித்துப் போட்ட மைதானத்தைப் பார்த்தார். கூட்டத்தில் வலது காலை இன்னொரு முறை தூக்கி வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்து நிற்கும் ஒச்சம்மாளைப் பார்த்தார். விசிலைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"புது மைதானம் அப்படித்தான் இருக்கும், சார்" என்றார். "ஆட ஆடச் செட்டாயிரும்."